பச்சை மங்கும் கண்

பொழுது விடியுமுன்பே தேனி மாவட்டத்தின் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் கண்ணைப் பற்றிக் கேட்டால், வெயிலில் கிடந்து கிடந்து புரை விழுந்துவிட்டது என்பார்கள். வெயில்தான் காரணமா?

பங்கு உண்டு, பழியில் பாதிகூட அதற்குச் சேராது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஆராய்ந்து 1988-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆயுளில் கண்ணில் பட்ட புறஊதாக் கதிர் இரட்டிப்பானால், கண்வில்லையின் ஓரத்திலிருந்து ஆரக்கால்போல உள்ளே இறங்கும் புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்றது அது. வில்லையின் நடுவே பழுப்பேறி இறுகும் புரைக்கு வெயிலோடு தொடர்பே தென்படவில்லை. தென்னிந்தியக் கண்களில் அதிகம் காணப்படுவதோ இந்த நடுப்புரைதான்.

உயரே போகப் போகக் கதிர் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம். அப்படியானால் போடிமெட்டுக்கு மேலே வேலை பார்ப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஏலம் நிழலில் வளரும் பயிர். காய் எடுப்பவர் குனிந்து தூரைப் பார்க்கிறார். தலைக்கு மேல் மரக்கிளைகள். அடிவாரத்தில் திறந்த வெளியில் கடலைக்குக் களையெடுப்பவரும், மலைமாடு மேய்ப்பவரும்தான் உச்சி வெயிலை முழுசாக வாங்குகிறார்கள்.

டெல்லியை ஒட்டிய சமவெளி, குவாஹாத்தி, ஆந்திராவின் பிரகாசம் மாவட்டக் கடலோரம் ஆகிய மூன்று இடங்களில் நடந்த புரை ஆய்வு 2020-இல் வெளியானது. வெயிலோடு வயது, புகைப்பழக்கம், அடுப்புப் புகை ஆகியவையும் அதில் புரையோடு தொடர்புள்ளவையாகச் சேர்ந்தே நின்றன. விறகடுப்பை ஊதி வளர்ந்த தலைமுறை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. சர்க்கரை நோயும், விசாரிக்காமல் வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் தனிக் கதை.

அகல விளிம்புத் தொப்பி கண்ணில் விழும் கதிரைப் பாதியாகக் குறைக்கும். வீரபாண்டித் திருவிழாவில் வாங்கும் கறுப்புக் கண்ணாடியை நம்ப வேண்டாம். கதிரைத் தடுக்காத கண்ணாடி, கண்பாவையை விரியவைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுவிடும்.

மாறியிருப்பது சிகிச்சைதான். புரை முத்தட்டும் என்று காத்திருந்தார்கள் நம் பாட்டிமார்கள். முத்திய பிறகு மருத்துவர்கள் முழு வில்லையையும் எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் 1992-இல் செயற்கை வில்லைகளை இங்கேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு அவை கிடைத்தன. இன்று தையலில்லாத சிறு கீறல் போதும். முத்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தேனியிலேயே அரவிந்த் இருக்கிறது. என்றாலும் காய் எடுப்பு மும்முரத்தில் யாரும் வருவதில்லை. கூலி போய்விடும்; கூட வருபவரின் கூலியும் போய்விடும்.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குப் புரை பார்வையோடு நிற்பதில்லை, பிழைப்பைத் தொடுகிறது. பருமனைச் சல்லடை சொல்லிவிடும். நிறத்தைக் கண்தான் சொல்ல வேண்டும். ஏலக்காயில் பச்சைக்குத்தான் விலை. பழுப்பேறிய வில்லை வழியே பார்க்கும்போது, நல்ல பச்சையும் வெளுத்த காயும் ஒன்றுபோலாகிவிடும். மாற்றம் மெதுவாக நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. பிரித்ததை மேஸ்திரி திருப்பிக் கொட்டும்போதுதான் தெரியும்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் இருக்கும் அதே காய், ஒரு கண்ணுக்குப் பச்சை. மறு கண்ணுக்கு மங்கல் மஞ்சள்.