குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது



நோயுற்றால் மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் மருந்து செய்தல் என்பது குளிசை விழுங்குவது மாத்திரமன்று. வைத்தியரிடம் எதைக் கொண்டு செல்வது, எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பனவும் அதனுள் அடங்கும். நம் வீடுகளில் இவை பற்றிப் பேசப்படுவது மிகக் குறைவு.

நமது நாட்டில் எவருடைய கடிதமுமின்றி நேரடியாக விசேட வைத்திய நிபுணரைச் செனல் செய்து சந்திக்கலாம். இது வசதிதான். ஆனால் எந்த நிபுணரிடம் போக வேண்டும் என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டியதாகி விடுகின்றது. நெஞ்சு எரிகின்றதென்று இருதய நிபுணரிடம் போனவர், இருதயத்தில் குறையில்லை என்ற பதிலோடு பணத்தையும் நாளையும் இழந்து திரும்புகின்றார். இன்னும் சிலர் காலையில் ஒரு டிஸ்பென்சரி, மாலையில் மற்றொன்று என அலைகின்றனர். அங்கெல்லாம் ஒவ்வொரு வைத்தியரும் முதலாம் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றார். குடும்ப வைத்தியரோ ஒரு மனிதரையும் அவரது வீட்டாரையும் பல்லாண்டுகளாக அறிந்திருப்பவர். இலங்கையில் பொது வைத்தியர்களுக்கான கல்லூரி 1974ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. குடும்ப மருத்துவம் பட்டப்பின் படிப்பாகவும் கற்பிக்கப்படுகின்றது. எனவே அவரைச் "சின்ன டொக்டர்" என்று கருதுவது அறியாமையாகும்.

என் வாப்பாவுக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுகின்றேன். அவருக்குப் பிரஷர் இருந்தது. மாதந்தோறும் கிளினிக்கில் மருந்தெடுத்து வந்தார். முழங்கால் வலிக்கு ஓரிடத்தில் குளிசை வாங்கினார். இடுப்பு வலிக்கு, யாரோ நல்லவரென்று சொன்னதால், வேறோரிடத்தில் வாங்கினார். ஒருவர் கொடுத்ததை மற்றவரிடம் சொல்லவில்லை. "கேட்டால் சொல்லியிருப்பேன்" என்பது அவருடைய நியாயம். சில மாதங்களில் கால்கள் வீங்கின, பிரஷரும் குறையவில்லை. எங்கள் குடும்ப வைத்தியர் முதலில் சொன்னது இதுதான்: "வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்."

அந்தப் பையை அவர் மேசையில் கொட்டினார். முழங்காலுக்கென்று வாங்கியதும் இடுப்புக்கென்று வாங்கியதும் இரண்டு பெயர்களில் இருந்த ஒரே மருந்து, டைக்ளோபினாக். வாப்பா அதனை இரட்டிப்பு அளவில், மாதக்கணக்கில் உட்கொண்டிருக்கின்றார். இத்தகைய வலி நிவாரணிகள் பிரஷரை உயர்த்தும். உடலில் நீரைத் தேக்கும். நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இரத்தத்தைப் பரிசோதித்தபோது கிரியேட்டினின் கூடியிருந்தது. அம்மருந்தை நிறுத்திய பின்னர் வீக்கம் வற்றியது, கிரியேட்டினினும் ஓரளவு இறங்கியது. ஆனால் முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்தும் நான் ஒருநாள்கூட அந்தக் குளிசை அட்டைகளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆகவே வைத்தியரிடம் செல்லும்போது கிளினிக் கொப்பியையும், பழைய பரிசோதனை அறிக்கைகளைத் திகதி வரிசையிலும், உட்கொள்ளும் மருந்துகளை அவற்றின் அட்டைகளோடும் எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று சொல்வதால் வைத்தியருக்கு எதுவும் விளங்காது. யூனானி, ஆயுர்வேத மருந்தானாலும், பாமசியில் மருந்துத் துண்டின்றி வாங்கியதானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பென்சிலின் போன்ற ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாதிருப்பின் அதைக் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

நோயைச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. உங்களை மிகவும் கவலைப்படுத்துவதை முதலில் சொல்லுங்கள். பலர் தடிமலைப் பற்றி நீண்ட நேரம் பேசிவிட்டு, எழுந்து கதவருகே சென்ற பின்னர்தான், "டொக்டர், மலத்தோடு இரத்தமும் போகின்றது" என்கின்றனர். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது அந்தச் சொல் வந்து என்ன பயன்?

இளைஞர்கள் விடயத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பதினேழு வயது மகனிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உம்மாவே பதில் சொல்வதைக் காண்கின்றோம். அன்பினால்தான் சொல்கின்றார். எனினும் அந்தப் பிள்ளைக்குத் தூக்கமில்லாதிருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், புகைத்தலோ போதைப் பழக்கமோ தொற்றியிருக்கலாம். வாப்பாவுக்கு முன்னால் அவன் அதை ஒருபோதும் சொல்லமாட்டான். சில நிமிடங்கள் அவனை வைத்தியரோடு தனியே பேச விடுங்கள். நோயாளியின் இரகசியம் வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் வைத்தியரைத் தேடுவது நன்று. அவர் இல்லாதபோது உம்மாவோ தாதியோ உடனிருக்க, ஆண் வைத்தியர் தேவையான அளவு பரிசோதிப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். வெட்கத்தால் மார்புக் கட்டியை மறைத்துக் காலம் கடத்துவதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டலாகாது.

அன்டிபயோட்டிக் தரவில்லையென்று வைத்தியரோடு மனத்தாங்கல் கொள்ள வேண்டாம். சாதாரணத் தடிமல் வைரஸினால் வருவது, அதற்கு அம்மருந்து பயன்படாது. தந்தால் சொன்ன நாள்வரை உட்கொள்ள வேண்டும். மிஞ்சியதை அடுத்த பிள்ளைக்கென்று வைத்திருக்கக் கூடாது.

நோன்பு பற்றியும் கூற வேண்டும். சீனி வியாதி உள்ளோர் ரமழானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்னரே குடும்ப வைத்தியரைச் சந்திக்க வேண்டும். இன்சுலினும், கிளிபென்கிளமைட் போன்ற சில குளிசைகளும் நோன்பு வேளையில் சீனியை அபாயகரமாகக் குறைக்கக் கூடியவை. அவற்றின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது வைத்தியரின் வேலை, நம்முடையதன்று. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே இக்கால அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் வழிகாட்டல். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குறைவேதுமில்லை.

பணவசதி இல்லையென்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவு இலவசமானது. 2011 முதல் அரசு ஆரம்பித்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், நோய் எதுவும் தெரியாவிட்டாலும், முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொள்ளலாம்.

இறுதியாகக் காய்ச்சல். 2017இல் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மாத்திரமே, அதுவும் உரிய அளவில். இபுபுரோபன், அஸ்பிரின், டைக்ளோபினாக் கூடாது. மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதிக்க வைத்தியர் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். டெங்கின் ஆபத்து காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகின்றது. பிள்ளை "சுகமாகிவிட்டது" என்று நாம் நினைக்கும் நேரம் அது. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலம் சிறுநீர் கழியாதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலிக்கும், திடீரென வாய் கோணி ஒரு பக்கக் கை சோர்வதற்கும் இதே விதிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். அது வந்து சேர்வதற்குள் மருந்துப் பையையும் கிளினிக் கொப்பியையும் வாசலுக்கு எடுத்து வையுங்கள்.