கல்லும் காலமும் – 14: வழக்கு காப்பாற்றிய மாளிகை

சென்ற வாரம் வட வேல்ஸின் கான்வி நகரில், கோட்டை மதில் மீது நடந்தோம். 1283-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு கட்டத் தொடங்கிய மதில் அது. உள்ளே ஆங்கிலேயர்களைக் குடியேற்றி, வேல்ஸ்காரர்களை வெளியே நிறுத்தத்தான் அவ்வளவு கல்லும் அடுக்கப்பட்டது. ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழித்து, அதே மதிலுக்குள்ளே, கடைவீதியை ஒட்டி, ஒரு வேல்ஸ்காரர் ஊரே அண்ணாந்து பார்க்கும்படி ஒரு மாளிகை எழுப்பினார். அவர் ராபர்ட் வின். மாளிகையின் பெயர் பிளாஸ் மவ்ர்.

செல்வாக்கான குவிடிர் குடும்பத்தில் பிறந்தும் ராபர்ட் மூத்த பிள்ளை இல்லை. குடும்பச் சொத்து அண்ணனுக்குப் போக, இவர் பிழைப்பைத் தேடி வெளியே கிளம்பினார். சர் பிலிப் ஹோபி என்ற தூதரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஐரோப்பிய அரசவைகளைப் பார்த்தார். 1544-ல் பிரான்ஸின் பூலோன் நகர முற்றுகையில் காலில் காயம்பட்டார். கையில் காசும் கண்ணில் ஐரோப்பாவுமாக ஊர் திரும்பியவர், கான்வியில் மனை வாங்கினார்.

வீடு மூன்று கட்டமாக வளர்ந்தது. 1576-ல் வடக்குப் பகுதி, 1580-ல் நடுப்பகுதியும் தெற்கும், 1585-ல் தெருவைப் பார்த்த வாயில் கட்டடம். மொத்தச் செலவு சுமார் 800 பவுன். கூரையை ஒட்டிய முகப்புச் சுவர்கள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. வடக்கு ஐரோப்பிய நகரங்களில் அவர் பார்த்திருக்கக்கூடிய பாணி அது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பார்வைக் கோபுரம்.

உள்ளே போனதும் கண்ணைப் பறிப்பது சுதை வேலைப்பாடு. கணப்பு அடுப்புக்கு மேலே உள்ள சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் ரோஜாக்கள், விலங்குகள், குலச்சின்னங்கள். வார்ப்பில் அழுத்தி எடுத்த உருவங்கள் அறைக்கு அறை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நடுவே 'ஆர்', 'டபிள்யூ' என்று வீட்டுக்காரரின் முதலெழுத்துகள், கட்டிய ஆண்டு. இன்னோர் இடத்தில் எலிசபெத் மகாராணியின் சின்னம். ‘என் குலம் பழையது, என் விசுவாசம் அரசிக்கு’ என்று விருந்தாளிக்கு வாய் திறக்காமலே சொல்லிவிடும் சுவர் அது.

ராபர்ட் 1598-ல் காலமானார். முதல் மனைவி இறந்தபின் முதுமையில் மறுமணம், ஏழு குழந்தைகள். சிக்கலான உயில் வேறு. பங்குச் சண்டை கோர்ட்டுக்குப் போய், 1630 வரை இழுத்தது. யாருக்குச் சொத்து என்றே முடிவாகாத வீட்டில் யார் காசு போட்டு இடித்துக் கட்டுவார்கள்? பின்னாளில் திருமண உறவு வழியாக அது மோஸ்டின் குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கு வேறு பெரிய மாளிகைகள் இருந்ததால் இதை வாடகைக்கு விட்டார்கள். ஏழைக் குடித்தனங்கள் வந்தன, பள்ளிக்கூடம்கூட நடந்தது. வசதியான சொந்தக்காரர் உள்ளே குடியிருந்திருந்தால், காலத்துக்கேற்ற புது நாகரிகம் என்று அந்தச் சுதைகளைக் கொத்தி எறிந்திருப்பார். கவனிப்பாரின்றிக் கிடந்ததே அவற்றுக்குக் காவலாகிவிட்டது.

1880-களில் ராயல் கேம்பிரியன் கலைக் கழகம் இங்கே குடிவந்து, நூறாண்டுக்கு மேல் ஓவியக் கண்காட்சிகள் நடத்தியது. 1993-ல் வேல்ஸின் பாரம்பரியச் சின்னங்களைப் பராமரிக்கும் காடூ அமைப்பு பொறுப்பேற்று, சுமார் 33 லட்சம் பவுன் செலவில் சீரமைத்து 1997-ல் திறந்துவிட்டது. 1665-ல் எழுதப்பட்ட வீட்டுச் சாமான் பட்டியலை வைத்து அறைகளை நிரப்பினார்கள். சில இடங்களில் சுதைக்குப் பழைய வண்ணங்களையே மறுபடி தீட்டினார்கள். சிவப்பும் பச்சையும் பொன்னிறமுமாக அது பளிச்சென்று அடிக்கிறது. ‘பழைய வீடென்றால் வெளிறித்தானே இருக்க வேண்டும்’ என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு அந்தப் பளபளப்புதான் நியாயமாகப் படுகிறது. அடக்கமாக வாழ்வதற்கா ராபர்ட் அந்த மதிலுக்குள் வந்தார்?

இன்று இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். பிரிட்டனில் எஞ்சிய எலிசபெத் கால நகர வீடுகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று சொல்கிறார்கள்.

இதே ஊரின் படகுத்துறையில், சிவப்புச் சாயம் பூசிய, ஆறே அடி அகலமுள்ள ஒரு வீடும் இருக்கிறது. அதில் 1900 வரை குடியிருந்தவர் ஆறடிக்கும் மேல் உயரமான ஒரு மீனவர். எப்படிச் சமாளித்தார்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)