கப்பல்காரர் கண்ணயரும் இடம்

மின்னி பேயில் குடியிருக்கும் நமக்குக் கப்பல்காரர் குடும்பங்கள் அந்நியமல்ல. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, 'பங்க்' வகுப்பில் மூன்று இரவு புரண்டு வந்த அனுபவமும் நம்மில் பலருக்கு உண்டு. நாம் ஹாடோ துறையில் இறங்கி வீடு போய்ச் சேர்கிறோம். நம்மைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கோ மாதக்கணக்கில் கப்பல்தான் வீடு. அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று என்றாவது யோசித்திருக்கிறோமா?

பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகளுக்கு ஒதுக்கிய இடம் அணியம், அதாவது கப்பலின் மூக்கு. தலைவனுக்கும் அதிகாரிகளுக்கும் சுக்கான் இருக்கும் பின்புறம். பிள்ளைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவன் அதிகம் அசைவதில்லை. நுனியில் இருப்பவனுக்குத்தான் ஏற்றமும் இறக்கமும். ஜூன், ஜூலை மாதத் தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கடலைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அலை வந்து அறைவதும், நங்கூரச் சங்கிலி கடகடப்பதும், எதிலாவது மோதினால் முதலில் நசுங்குவதும் அதே மூக்குதான்!

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி கட்டப்படும் கப்பல்களில் படுக்கை அறைகள் நடுவிலோ பின்புறத்திலோ, நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கட்டில் குறைந்தது 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம். இரண்டு அடுக்குக்கு மேல் கூடாது. சரக்குக் கப்பலில் ஆளுக்கொரு அறை. பயணிகள் கப்பலுக்குச் சலுகை உண்டு: வெளிச்சமும் காற்றும் சரியாக இருந்தால் நீர்மட்டத்துக்குக் கீழேயும் அறை வைக்கலாம். ஜன்னல் உள்ள அறை காசு கொடுப்பவருக்குத்தானே!

பின்புறத்திலும் ஒரு தொல்லை. இன்றைய எண்ணெய்க் கப்பல்களில் குடியிருப்பு மாடிகள் எஞ்சின் அறையின் தலைமேல் நிற்கின்றன. ஆட்டம் குறைவு, அதிர்வும் இரைச்சலும் அதிகம். 24 மணியில் 10 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்பது விதி. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணிக்குக் குறையக்கூடாது. நள்ளிரவுக் காவல் முடித்து வந்தவருக்குப் பட்டப்பகலில், எஞ்சின் உறுமும்போது அந்த 6 மணியில் தூக்கம் எவ்வளவு வரும்? அரைத்தூக்கத்தில் காவலுக்கு நிற்பவரை நம்பித்தான் மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். அறை எந்தத் தட்டில், அதில் எத்தனை பேர், அடுத்த சுவருக்கு அப்பால் என்ன இயந்திரம் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள்.