புதுப்பிப்புக்கு ஏன் செவ்வாய்க்கிழமை?

மாதம் ஒருமுறை, பெரும்பாலும் புதன்கிழமையன்று, உங்கள் கணினி புதுப்பிப்பை நிறுவச் சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அது தற்செயல் அல்ல.

விண்டோஸ் மென்பொருளில் உள்ள பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களை 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது மைக்ரோசாஃப்ட். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கோ செவ்வாய் இரவு.

ஏன் செவ்வாய்? திங்கட்கிழமை, வார இறுதியில் குவிந்த வேலைகளுக்கே சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை வெளியிட்டு ஏதேனும் கோளாறு ஏற்பட்டால், கவனிக்க அலுவலகத்தில் ஆள் இருக்காது. செவ்வாய் என்றால் சோதித்துப் பார்க்க வேலை நாள்கள் மிச்சம் இருக்கும். நாள் முன்பே தெரிவதால் நிறுவனங்களும் தயாராக இருக்கும்.

ஆனால், ஊடுருவிகளுக்கும் அந்த நாள் தெரியும். திருத்தத்தைப் பழைய மென்பொருளோடு ஒப்பிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடலாம். எனவே, திருத்தம் வெளிவந்தபின் தாமதிப்பது ஆபத்து.

2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. மே 12ஆம் தேதி, அதே ஓட்டை வழியாக ‘வானாக்ரை’ நச்சுநிரல் பரவியது. திருத்தத்தை நிறுவாத கணினிகள் முடங்கின. பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின.

வேலைக்கு நடுவே ‘பிறகு’ என்று ஒத்திவைப்பதில் தவறில்லை. அன்றிரவு கணினியை மூடுமுன் மறக்காமல் நிறுவிவிடுங்கள்.