ஏழாங்கட்டைக்கு எத்தனை நிமிடம்?

பேராக்கில் பால்மரம் வெட்டிய தலைமுறையிடம் வழி கேட்டால், "பெரிய சாலையில ஏழாங்கட்டை, அங்கிருந்து உள்ள நாலு கட்டை" என்பார்கள். கட்டை என்றால் மைல். மலாய்க்காரர்களுக்கு அதுவே 'பத்து'. அந்தச் சொல்லுக்குக் கல் என்றும் பொருள். சாலையோரம் நட்ட மைல்கல் இரு மொழியிலும் அளவின் பெயராகிவிட்டது. 1972-இல் எடை, அளவைச் சட்டம் வந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. சாலைப் பலகைகளும் மாறின. கட்டை மட்டும் நம் நாவை விட்டுப் போகவில்லை.

போகவும் வேண்டாம். கணக்கில்தான் கவனம் வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் கார் 10 கட்டையைக் கடக்க 10 நிமிடம் என்றால் தவறு. 16 நிமிடம் ஆகும். ஒரு கட்டை 1.609 கிலோமீட்டர். மனக்கணக்குக்கு எட்டால் பெருக்கி ஐந்தால் வகுங்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் திறந்த மலாயாவின் முதல் ரயில்பாதை சுமார் 8 மைல். இந்த வழியில் 12.8 கிலோமீட்டர் வரும். துல்லியமாகப் பார்த்தால் 12.87. எழுபது மீட்டர்தான் வித்தியாசம்.

பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் இன்னொன்று. 30 கிலோமீட்டரை 75-ஆல் வகுத்தால் 0.4 மணி. அது 40 நிமிடம் அல்ல. 60-ஆல் பெருக்க, 24 நிமிடம்.

இனி முக்கியமான கணக்கு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்திலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். குண்டும் குழியுமான தோட்டச்சாலை 6 கிலோமீட்டர், வேகம் 12: அரைமணி. பிறகு தார்ச்சாலை 30 கிலோமீட்டர், வேகம் 90: இருபது நிமிடம். ஆக 50 நிமிடம். இரு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்கி, 51 என்று வைத்தால் 42 நிமிடம் என்று வரும். அது பொய்க் கணக்கு. மெதுவான துண்டில்தான் அதிக நேரம் கழிகிறது. ஆகவே உண்மையான சராசரி 43.2.

தார்ச்சாலையில் உயிரைப் பணயம் வைத்து 110-இல் பறந்தாலும் மிச்சம் நாலு நிமிடத்துக்கும் குறைவு. தோட்டச்சாலையைச் செப்பனிட்டு வேகம் 24 ஆனால் மிச்சம் 15 நிமிடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் லயங்களில் நம் மக்கள் இருக்கிறார்கள். உங்கள் தொகுதிப் பிரதிநிதியிடம் சாலை கேட்கப் போகும்போது இந்தப் பதினைந்து நிமிடக் கணக்கை எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.