நீதிபதியின் பிரமையும் பிராய்டின் விளக்கமும்

1902ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சாக்ஸனி ராஜ்யத்தின் தலைநகரான டிரெஸ்டனில் இருந்த மேல்நீதிமன்றம் ஒரு விசித்திரமான வழக்கில் தீர்ப்புக் கூறியது. கடவுளின் கிரணங்கள் தம் நரம்புகளைப் பற்றியிருக்கின்றன என்றும், தாம் சிறிது சிறிதாகப் பெண்ணாக மாறி வருவதாகவும், அம்மாற்றம் பூர்த்தியானதும் தம்மிடமிருந்து புதியதொரு மானிட வர்க்கம் தோன்றும் என்றும் திடமாக நம்பிய ஒருவர், அந்த நம்பிக்கையைச் சற்றும் ஒளிக்காமலே, இத்தகைய நம்பிக்கை உடையவனும் தன் காரியங்களைத் தானே நிர்வகிக்கத் தகுதியுள்ளவன்தான் என்று வாதாடி, அவ்வாதத்தில் வெற்றியும் பெற்றார். டானியல் பால் ஷ்ரேபர் என்ற அந்த மனிதர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றத்தின் ஒரு பிரிவுக்குத் தலைமை நீதிபதியாக அமர்ந்தவர். 1903இல் அவர் தம் அனுபவங்களை நூலாகப் பிரசுரித்தார். குடும்பத்தைப் பற்றிய மூன்றாம் அத்தியாயம் அச்சுக்குத் தகாதது என்று நீக்கப்பட்டது. உளப்பகுப்பாய்வில் ‘பாரனோயா’ என்னும் கருத்து பெற்ற வடிவம் பெரும்பாலும் இந்த ஒரு நூலைப் படித்ததனால் விளைந்தது.

வீட்டுப் பேச்சில் ஒருவரைச் ‘சந்தேகப் பிராணி’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். மருத்துவர் ‘பாரனோயா’ என்று குறித்த நோயோ அதனினும் விரிந்தது. புத்திக்குப் புறம்பான நிலை என்ற பொருளில் கிரேக்கர் பொதுவாக வழங்கிய சொல்லை ஜெர்மானிய மருத்துவர்கள் எடுத்தாண்டார்கள். அவர்களுள் கிரேப்பெலின் என்பவர் 1899இல் அதற்கு வரம்பு கட்டினார். சிந்தனையின் தெளிவும் ஒழுங்கும் குலையாதிருக்க, அவற்றின் நடுவே ஒரு பொய்நம்பிக்கை மெல்ல வேரூன்றிக் கிளைத்து, எந்தச் சாட்சியத்துக்கும் அசையாமல் நிலைத்துவிடுவதே அவர் கண்ட லட்சணம். அவர் நோயை வர்ணித்தார். அந்த நம்பிக்கை ஏன் இன்ன உருவில் வந்தது என்ற கேள்வி அவர் நூலில் எழவில்லை.

அக்கேள்வியைச் சிக்மண்ட் பிராய்டு 1895 ஜனவரியிலேயே, தம் நண்பர் பிளீஸுக்கு அனுப்பிய குறிப்பொன்றில் எழுப்பிவிட்டார். உடன்பிறந்தாரோடு வசித்த மணமாகாத பெண்ணொருத்தியிடம், அவ்வீட்டில் குடியிருந்த ஒருவன் முறைதவறி நடந்தான். சில காலம் சென்றபின், அக்கம்பக்கத்தார் தன்னைக் குறித்து இழிவாகப் பேசுகிறார்கள் என்று அவள் நம்பத் தொடங்கினாள். அந்தச் சம்பவம் தன்னுள் எழுப்பிய கிளர்ச்சியையும் அதற்காகத் தன்னையே நிந்திக்கும் குரலையும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆகவே அக்குரலை மனம் வெளியே எறிந்தது. எறியப்பட்டது அண்டை வீட்டார் வாயிலிருந்து திரும்பி வந்தது என்பது பிராய்டின் விளக்கம். நிந்தனை அதேதான், இருந்த இடம் மட்டும் மாறியது. பின்னர் வந்த கொள்கைகள் அனைத்திலும் உயிரோடிருக்கும் பகுதி இதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஷ்ரேபரின் நூலை 1910இல் பிராய்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவருடைய அப்போதைய சகாவான யுங். மறு ஆண்டு வெளியான தம் நீண்ட கட்டுரையில், ‘நான் அவனை நேசிக்கிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தை மனம் மறுக்கும் விதங்களாகவே பாரனோயாவின் வகைகள் யாவற்றையும் பிராய்டு விளக்கினார். நம் இலக்கண மாணவனுக்கு அது எளிதில் விளங்கும். பயனிலையை மறுத்தால், ‘நான் அவனை வெறுக்கிறேன்’ என்றாகி, அதுவும் புரண்டு ‘அவன் என்னை வெறுக்கிறான்’ என்ற துன்புறுத்தல் பிரமை பிறக்கும். எழுவாயை மறுத்தால், ‘நேசிப்பவன் நானல்ல, அவள்’ என்னும் பொறாமை. செயப்படுபொருளை மறுத்தால், ‘நான் நேசிப்பது அவளை; அவளும் என்னை நேசிக்கிறாள்’ என்னும் காதல் பிரமை. வாக்கியம் முழுவதையும் மறுத்தால், தன்னையன்றி எவரையும் நேசியாத அகம்பாவம். துன்புறுத்தல் பிரமைக்கு ஷ்ரேபரே சான்று: அவரது முதல் நோயைத் தீர்த்த மருத்துவர் பிளெக்ஸிக் என்பவரிடம் நன்றி மிகுந்து, அவர் படத்தை ஷ்ரேபரின் மனைவி பல ஆண்டுகள் தம் மேஜைமேல் வைத்திருந்தார். இரண்டாம் நோயில் அதே பிளெக்ஸிக்கே நோயாளியின் ஆத்மாவைக் கொல்ல வந்த பரம வைரியானார்.

ஆனால் இந்த நோய்க்கு அடியில் எப்போதும் தன்பாலின ஈர்ப்பே இருக்கிறது என்ற பிராய்டின் முடிவு காலத்தின் பரீட்சையில் நிற்கவில்லை. அந்த ஈர்ப்பு கொண்டவர்கள்மேல் அது வீணான ஒரு களங்கத்தையும் ஏற்றியது. 1950களில் நீடர்லாந்து என்பவர், குழந்தை வளர்ப்பில் பேர்பெற்ற மருத்துவரான ஷ்ரேபரின் தந்தை எழுதிய நூல்களைத் தேடிப் பிடித்தார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார இரும்புச் சட்டம், படுக்கையில் புரளாதிருக்கத் தோல்வார் என அவற்றில் கண்ட கருவிகளையும், கடவுள் தம் மார்பை அமுக்கினார், தலையை இறுக்கினார் என்று மகன் எழுதியவற்றையும் அவர் அருகருகே வைத்துக் காட்டியபோது, வெறும் பிதற்றலாகத் தோன்றிய வரிகளுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் உடல் தெரிந்தது. பிராய்டு பார்த்தது மகனின் ஆசையை. தந்தையின் கையை அவர் ஆராயவில்லை.

பின்வந்த உளப்பகுப்பாய்வாளர்களுள், 1946இல் மெலனி கிளைன் துன்புறுத்தல் அச்சத்தைக் கைக்குழந்தையின் முதல் மாதங்களுக்கே கொண்டுபோனார். 1955இல் தொடங்கிய தம் சொற்பொழிவுகளில் ழாக் லக்கான், மொழியின் ஒழுங்கில் தந்தைக்குரிய இடம் ஏற்கப்படாமலே போனதால் விளைந்த பிளவு என்று பாரனோயாவுக்குப் பொருள் கண்டார். 1987இல் அமெரிக்க மனமருத்துவக் கையேடு பழைய பெயரையே கைவிட்டு, ‘பிரமைக் கோளாறு’ என்று பொருள்படும் சொல்லை ஏற்றது.

பிராய்டின் கட்டுரையில் அதிகம் பேசப்படாத, ஆயினும் நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று உண்டு. நோயின் உச்சத்தில் ஷ்ரேபர், உலகம் பிரளயத்தில் அழிந்துவிட்டது என்றும், எதிரே நடமாடுபவர்கள் அவசரமாகச் சமைத்து நிறுத்தப்பட்ட உருவங்களே என்றும் நம்பினார். மனிதர்மேல் வைத்த அன்பனைத்தையும் மனம் சத்தமின்றித் திரும்ப எடுத்துக்கொண்டதே உண்மையான நோய் என்றும், பின்னர் எழுந்த கிரணங்களும் கடவுளும் வைரிகளும் நிறைந்த ஆரவாரமான பிரமை, இழந்த உலகத்தை மீண்டும் கட்டிக்கொள்ள அம்மனம் செய்த முயற்சி என்றும் பிராய்டு எழுதினார். எந்த மருத்துவரும் துடைத்தெறிய விரும்பும் ஒன்றை, குணமாகும் வழியென்று காண்பதற்கு, நோயாளியின் சொல்லை வரிவரியாகக் கேட்கும் பொறுமை வேண்டியிருந்தது.

தம் உடலையும் வாழ்வையும் தாம் உயிரோடிருக்கும்போதே நிபுணர்கள் வந்து பரிசோதித்தால் விஞ்ஞானத்துக்கும் சமய ஞானத்துக்கும் பயனாகும் என்று ஷ்ரேபர் தம் முன்னுரையில் கேட்டிருந்தார். 1907இல் நோய் மூன்றாம் முறை திரும்ப, லைப்ஸிக் நகரத்து மனநோய் விடுதியில் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தார். அந்நூலை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்த பிராய்டு அவரை ஒருமுறையும் சந்தித்ததில்லை. கட்டுரை வெளியான அதே 1911ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத்தில் ஷ்ரேபர் அவ்விடுதியிலேயே காலமானார்.