இலையும் வேரும் கற்பித்த விஞ்ஞானம்

சிறுவர்கள் விஞ்ஞானம் என்ற பெயரால் எதைக் கற்க வேண்டும் என்னும் வினாவுக்கு, பாடநூலிலுள்ள விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிடுவதே விடையென்று நம்மிற் பலர் கருதுகிறோம். இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ஆம் ஆண்டு 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஒரு முயற்சி, இவ்வினாவுக்கு வேறு விடை தேடியது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தைத் துறந்து கிராமத்துக்கு வந்த விஞ்ஞானி அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும், ரசூலியாவில் குவேக்கர்கள் நடத்திவந்த கிராம சேவை நிலையமும் ஒன்றுகூடி, மாநில அரசாங்கத்தின் அனுமதியோடு, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் விஞ்ஞானத்தைச் சோதனையின் வழியாகவே போதிக்கத் துணிந்தன.

இந்த முறையின் தன்மையை அறிய, இலையையும் வேரையும் பற்றிய பாடம் ஒன்றே போதும். குழந்தைகள் வயல்வெளிக்குச் சென்று கோதுமை, புல், கடுகு, கொண்டைக்கடலை என்று கண்ணிற்பட்ட செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, இலையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா, வலைபோற் பின்னியிருக்கின்றனவா என்றும், வேர் ஆணிவேரா, சல்லிவேரா என்றும் பார்த்து அட்டவணையில் எழுதுவார்கள். அட்டவணை நிறைய நிறைய, வலைப்பின்னல் நரம்புடைய செடிக்கு ஆணிவேரும், இணை நரம்புடைய செடிக்குச் சல்லிவேரும் அமைந்திருக்கும் ஒழுங்கு, எவரும் சொல்லாமலே அவர்களுக்குப் புலப்படும். அவ்வொழுங்கைக் கண்டபின், வேரைத் தோண்டாமலே இலையைக் கொண்டு அதனை அநுமானிக்கவும், பின்பு தோண்டிப் பார்த்து அநுமானத்தைச் சரிபார்க்கவும் இயலும். சேம்பு போன்ற செடியொன்று, வலைப்பின்னல் நரம்போடு சல்லிவேரையும் காட்டி அந்த விதியைப் பொய்யாக்கும்போதுதான், பாடத்தின் மிகச் சிறந்த பகுதி தொடங்குகிறது என்பது என் துணிபு. ஏனெனில், தானே கண்ட விதியைத் தானே திருத்தவேண்டிய நிலைக்கு வரும் குழந்தை, பிரத்தியட்சத்துக்கு முன் தன் கருத்தை விட்டுக்கொடுக்கப் பழகுகிறது. விதியை மட்டும் நூலிலிருந்து ஒப்பிக்கும் குழந்தைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

அளவைப் பாடமும் இத்தகையதே. ஒரே மேசையை அளந்த பல பிள்ளைகளுக்குப் பல விடைகள் கிடைப்பது இயல்பென்றும், அந்த வித்தியாசத்தின் காரணத்தை ஆராய்வதும் விஞ்ஞானமே என்றும் அவர்கள் அங்கே அறிந்தார்கள்.

பரீட்சையை மாற்றாமற் போதனையை மட்டும் மாற்றுவதாற் பிரயோஜனமில்லை என்பதை இம்முயற்சியினர் நன்குணர்ந்திருந்தனர். எனவே மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்று விதித்து, செய்முறைச் சோதனைக்கும் இடமளித்தார்கள். மனப்பாடத்துக்கு அங்கு மதிப்பில்லாமற் போயிற்று. 'பால வைஞானிக்' என்னும் அவர்களுடைய பாடநூலில் செய்யவேண்டிய சோதனைகளும் கேள்விகளுமே நிறைந்திருந்தன. விடைகளைக் குழந்தைகள்தாம் கண்டு எழுதவேண்டும்.

1978-இல் ஜில்லாவின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவிய இத்திட்டத்தை, 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் ஏற்று வேறு பல ஜில்லாக்களுக்கும் கொண்டு சென்றது. 2002-இல் மாநில அரசாங்கம் இதனை நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பை ஓர் உத்தரவால் முடித்துவைத்த அச்செயலை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை. நூல்களை மறுபடியும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் மாதந்தோறும் ஓரிடத்திற் கூடி, வகுப்பில் ஒத்துவராத சோதனைகளையும் பிள்ளைகள் கேட்ட விடை தெரியாத வினாக்களையும் கூச்சமின்றி எடுத்துவைத்து விவாதித்த கிராமத்து உபாத்தியாயர்களின் அந்தக் கூட்டங்களை மீண்டும் உண்டாக்குவது அத்தனை எளிதன்று. அவை உருவாகப் பல்லாண்டுகள் பிடித்திருந்தன.